ரேக்ளா முதல் டிராக் ரேஸ் வரை: பதின்வயதினரைப் பந்தயம் ஓட்ட விடலாமா?

உடுமலைப்பேட்டையில் இருந்து பழனிக்குப் போகும் வழியில், அமராவதி ஆற்றங்கரையில் இருக்கிறது மடத்துக்குளம். 2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் உருவானபோது கோவை மாவட்டத்தில் இருந்து பிரிந்து வந்த பகுதி இது. ஒரு பக்கம் கரும்பும் நெல்லும் தென்னையும். இன்னொரு பக்கம் நூற்பாலைகள், காகித ஆலைகள், பனியன் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள். சம்பளம் வாங்கத் தொடங்கிய இளைஞன் முதலில் வாங்க நினைப்பது பெரும்பாலும் ஒரு பைக்.

இந்த வட்டாரத்தில் "பந்தயம்" என்று சொன்னால் பெரியவர்களுக்கு ரேக்ளா நினைவுக்கு வரும். இளைஞர்களுக்கு பைக் நினைவுக்கு வரும். முதலாவதைத் திருவிழா என்கிறோம். இரண்டாவதைக் குற்றம் என்கிறோம். ஏன் இந்த வேறுபாடு? பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் தங்கள் வண்டியைக் கொண்டு டிராக் ரேஸ் ஓட்டலாமா, கூடாதா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இந்தக் கேள்வியை உலகம் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறது.

ரேக்ளா: கொங்கு நாட்டின் டிராக் ரேஸ்!

மதுரை, சிவகங்கை, தூத்துக்குடிப் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயம் என்றால் பல வண்டிகள் ஒன்றாகக் கிளம்பி மைல் கணக்கில் சாலையில் ஓடும். பொள்ளாச்சி, உடுமலை வட்டாரத்து ரேக்ளா வேறு மாதிரி. இலேசான ஒரு வண்டி, இரண்டு காளைகள், ஓட்டுவதற்கு ஒருவர். நேரான ஓடுபாதை. காளைகளின் வயதுக்கு ஏற்ப 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம். யாருடைய வண்டி குறைந்த நேரத்தில் எல்லைக்கோட்டைக் கடக்கிறதோ அவருக்குப் பரிசு. நேரத்தை நொடியின் பின்னங்கள் வரை கணக்கிடுகிறார்கள்.

டிராக் ரேஸ் என்றால் என்ன? நின்ற இடத்தில் இருந்து கிளம்பி, நேர்கோட்டில், குறிப்பிட்ட தூரத்தை வேகமாகக் கடக்க வேண்டும். வளைவு கிடையாது, சுற்று கிடையாது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். உலகம் முழுவதும் இதற்கு வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். காளைக்குப் பதில் என்ஜின், சாட்டைக்குப் பதில் ஆக்சிலேட்டர். மற்றபடி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே டிராக் ரேஸ் என்பது சினிமாவைப் பார்த்து நேற்று வந்த மோகம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அந்த ஆசையின் வேர் மண்ணிலேயே இருக்கிறது.

ஏரியில் பிறந்த பந்தயம்

டிராக் ரேஸின் தாயகம் அமெரிக்காவின் கலிபோர்னியா. 1930களில் அங்கிருந்த இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை மலிவாக வாங்கி, தேவையில்லாத தகரத்தை எல்லாம் கழற்றி எறிந்து, என்ஜினைக் கொஞ்சம் முடுக்கி ஓட்டினார்கள். ஓட்டிய இடம் முரோக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகள். மைல் கணக்கில் தட்டையான தரை, எதிரே வண்டி வராது, ஆள் வர மாட்டார்கள். 1937இல் இந்தக் குழுக்கள் சேர்ந்து தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் என்ற அமைப்பை உருவாக்கின. சங்கத்தின் பெயரிலேயே "டைமிங்" இருப்பதைக் கவனிக்க வேண்டும். நேரத்தை முறையாக அளக்க வேண்டும் என்ற தேவைதான் அவர்களை ஒன்று சேர்த்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தது. போரில் இருந்து திரும்பிய இளைஞர்களின் கையில் பணம் இருந்தது, மெக்கானிக் வேலையும் தெரிந்திருந்தது. ஏரிப் படுகைகளோ தூரத்தில் இருந்தன. பந்தயம் தெருவுக்கு வந்தது! சிக்னலில் பச்சை விளக்கு எரிந்ததும் இரண்டு கார்கள் சீறிப் பாயும். விபத்துகள் நடந்தன. பத்திரிகைகள் திட்டின. போலீஸ் துரத்தியது. "ஹாட் ராட்" என்ற சொல்லே பொறுக்கித்தனத்தைக் குறிக்கும் சொல்லாக மாறியது. 1955இல் வெளிவந்த "ரெபல் வித்தவுட் எ காஸ்" என்ற ஹாலிவுட் படத்தில் இரண்டு பதின்வயதுப் பையன்கள் திருட்டுக் கார்களை மலை விளிம்பை நோக்கி ஓட்டிப் போட்டி போடுவார்கள். அமெரிக்கப் பெற்றோரின் அன்றைய பயம் அந்த ஒரு காட்சியில் தெரியும்.

இந்த இடத்தில்தான் வரலாறு திரும்பியது. 1950இல் சாந்தா ஆனா விமான நிலையத்தின் ஓடுபாதையில் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக் ரேஸ் நடத்தத் தொடங்கினார்கள். சிறிய கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் தன் வண்டியைக் கொண்டுவந்து ஓட்டலாம். 1951இல் "ஹாட் ராட்" பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ் தேசிய ஹாட் ராட் அசோசியேஷனைத் (என்.எச்.ஆர்.ஏ.) தொடங்கினார். 1954இல் அந்தச் சங்கத்தின் ஆட்கள் ஒரு வண்டியில் ஊர் ஊராகப் போய், பந்தயத்தைப் பாதுகாப்பாக நடத்துவது எப்படி, வண்டியைப் பரிசோதிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார்கள். 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்டில் முதல் தேசியப் போட்டி நடந்தது. அந்த ஹாலிவுட் படம் வந்த அதே ஆண்டு! திரையில் பையன்கள் மலை விளிம்புக்கு ஓட்டினார்கள். கிரேட் பெண்டிலோ ஹெல்மெட் போட்டு, வரிசையில் நின்று ஓட்டினார்கள்.

பின்னர் 1992இல் சிறுவர்களுக்கு என்றே ஜூனியர் டிராக் ரேஸிங் லீக் வந்தது. பெரிய வண்டியைப் போலவே இருக்கும், ஆனால் பாதி அளவு. தூரமும் பாதி: கால் மைலுக்குப் பதில் அரைக்கால் மைல், அதாவது 201 மீட்டர். 2008இல் ஸ்காட் கலிட்டா என்ற புகழ்பெற்ற வீரர் ஓட்டத்தின்போது இறந்த பிறகு, மிக வேகமான பிரிவுகளுக்கு கால் மைலைக் குறைத்து ஆயிரம் அடி ஆக்கினார்கள். அது சுமார் 305 மீட்டர்.

201 மீட்டர், 305 மீட்டர். ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஆனால் இரு இடத்திலும் ஒரே அறிவு வேலை செய்திருக்கிறது: இளையதற்குக் குறைந்த தூரம், வேகம் கூடினால் தூரத்தைக் குறை. கொங்கு விவசாயி கன்றை ஓட விடாமல் வைத்திருக்கவும் இல்லை, முதிர்ந்த காளையோடு போட்டி போட விடவும் இல்லை.

சோழவரத்தில் இருந்து செட்டிபாளையம் வரை

தமிழ்நாட்டின் கதையும் விமான ஓடுபாதையில்தான் தொடங்குகிறது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம் ஒன்று இருந்தது. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கப்பட்டது. அந்த ஓடுபாதையில் பல பத்து ஆண்டுகள் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் நடந்தன. மகாராஜாக்களும் தொழிலதிபர்களும் வெளிநாட்டுக் கார்களோடு வருவார்கள். சொந்தமாக மாற்றி அமைத்த வண்டிகளோடு மெக்கானிக்குகளும் வருவார்கள். பார்க்க ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப் தன் சொந்தப் பந்தயத் தளத்தைத் திறந்தது.

கோயமுத்தூருக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. பம்பு செட்டும் மோட்டாரும் செய்த ஊருக்கு என்ஜின் புதிதல்லவே! கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், சாதாரண மாருதி 800 காரின் என்ஜினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் ஒன்றை வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்ற பெயரில் 1980களின் இறுதியில் அது ஓடத் தொடங்கியது. மகாராஜாவாக இல்லாதவர்களும் ஓட்டக்கூடிய பந்தயக் கார் கிடைத்தது. கரிவரதன் 1995இல் ஒரு வான் விபத்தில் இறந்தார். அவர் பெயரில் கோவை அருகே செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003இல் உருவானது.

அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கியவர்தான் நரேன் கார்த்திகேயன். 1977 ஜனவரியில் பிறந்தவர். தந்தையும் ராலி ஓட்டுநர். 1992இல் பிரான்சில் உள்ள எல்ஃப் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போனபோது அவருக்கு வயது 15. இந்தியச் சாலையில் கார் ஓட்ட லைசென்ஸ் வாங்கும் வயது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துதான் வந்திருக்கும். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

பதினெட்டு வயது வரை வண்டியைத் தொடக்கூடாது என்று இருந்திருந்தால் நரேன் கார்த்திகேயன் வந்திருக்க மாட்டார். அதே சமயம் அவர் அவிநாசி ரோட்டில் நண்பர்களோடு பந்தயம் ஓட்டி அங்கே போகவில்லை. பள்ளி, பயிற்சியாளர், ஹெல்மெட், தீயணைப்பு ஆள், ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்த இடத்தில் கற்றுக்கொண்டார். அதற்குப் பணமும் இருந்தது, வழிகாட்ட வீட்டில் ஆளும் இருந்தது. ஒரு நூற்பாலைத் தொழிலாளியின் மகனுக்கு இந்த இரண்டும் எங்கே கிடைக்கும்? இந்த விவாதத்தில் யாரும் அதிகம் பேசாத பகுதி இதுதான்.

டிராக் ரேஸுக்கும் இந்தியாவில் முறையான இடம் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் ரேஸ் சாம்பியன்ஷிப் நடந்திருக்கிறது. பெங்களூரு வீரர் ஹேமந்த் முத்தப்பா அதில் பல பட்டங்களை வென்றவர். மகாராஷ்டிராவில் லோனாவாலா அருகே ஆம்பி வேலியின் விமான ஓடுபாதையில் "வேலி ரன்" என்ற பெயரில் சாதாரண மக்கள் தங்கள் சொந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். மறுபடியும் ஓடுபாதைதான்! கலிபோர்னியா ஆனாலும் சோழவரம் ஆனாலும் லோனாவாலா ஆனாலும், சாலையில் இருந்து பந்தயத்தை வெளியே எடுத்தவர்கள் எல்லாம் முதலில் போய்ச் சேர்ந்தது ஒரு விமான ஓடுபாதையில்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 189. மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் வண்டிப் பந்தயத்தில் கலந்துகொண்டாலும், அதை அனுமதித்தாலும் குற்றம். முதலில் இதற்குத் தண்டனை ஒரு மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் இது மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று உயர்ந்தது. மறுபடியும் பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம்.

வயதைப் பொறுத்தவரை, 18 நிறைந்தால்தான் வண்டி ஓட்டலாம். 50 சிசிக்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 16 போதும். 2019 திருத்தம் 199ஏ என்ற புதிய பிரிவையும் சேர்த்தது. சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்து. அந்தச் சிறுவனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பையனின் ஒரு நிமிட ஆசைக்கு அப்பா சிறைக்குப் போக வேண்டி வரலாம்.

ஆனால் பிரிவு 189இல் உள்ள ஒரு சொற்றொடரைக் கவனிக்க வேண்டும்: "மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல்". அனுமதியோடு நடத்தினால் சாலையில்கூடப் பந்தயம் குற்றம் அல்ல. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்ததே, அது அனுமதியோடு, சாலையை முழுவதும் மூடி, தடுப்பு வேலி போட்டு நடத்தப்பட்டது. ஆக, சட்டம் வேகத்தின் மேல் கோபப்படவில்லை. வேகத்தின் குறுக்கே வரக்கூடிய சம்பந்தமில்லாத மனிதனைக் காப்பாற்ற நினைக்கிறது.

2022இல் சென்னை உயர் நீதிமன்றம் இதை வேறு விதமாகப் புரிய வைத்தது. பைக் சாகச வழக்கில் ஜாமீன் கேட்ட ஓர் இளைஞருக்கு, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் விபத்து சிகிச்சைப் பிரிவில் ஒரு மாதம் உதவியாளராக வேலை செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. 5,000 ரூபாய் அபராதம் சொல்ல முடியாததை ஒரு ஸ்ட்ரெச்சர் சொல்லிவிடும்.

தளத்தில் ஓட்டினால் மட்டும் ஆபத்து இல்லையா?

இருக்கிறது. இதை மறைத்துவிட்டு வாதம் செய்வது நேர்மை ஆகாது. 2021ஆம் ஆண்டில் மட்டும் ஐரோப்பாவின் முறையான பந்தயத் தளங்களில் 14, 15, 19 வயதுள்ள மூன்று மோட்டார் சைக்கிள் வீரர்கள் இறந்தார்கள். அதன் பிறகு சர்வதேச மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பு வயது வரம்புகளை உயர்த்தியது. 2023 முதல் உலக சாம்பியன்ஷிப்பின் மோட்டோ3 பிரிவுக்கே 18 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று ஆனது. 2023 ஆகஸ்ட்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த தேசியப் போட்டியில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் கீழே விழுந்து தலையில் அடிபட்டு இறந்தான். எல்லாப் பாதுகாப்பும் இருந்த இடத்தில்தான் அது நடந்தது.

பதின்மூன்று வயது! எட்டாம் வகுப்புப் பையன். "தளத்தில் ஓட்டினால் சரி" என்று சொல்கிறவர்கள் இந்தச் சாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான்: தளம் ஆபத்தை நீக்குவதில்லை. ஆபத்தை அதைத் தெரிந்து ஏற்றுக்கொண்டவரோடு நிறுத்துகிறது. ஆனால் 13 வயதில் ஒருவன் எதைத் தெரிந்து ஏற்றுக்கொள்கிறான்? ஆகவே வயது குறையக் குறைய வேகமும் தூரமும் என்ஜினும் குறைய வேண்டும். ரேக்ளாக்காரர்கள் காளையின் வயதைப் பார்ப்பது போல.

சாலையில் நிலைமை இன்னும் மோசம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடும். எதிரில் இருப்பதைக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை பிரேக்கைப் பிடிப்பதற்கே சுமார் ஒரு நொடி ஆகும். வேகம் இரண்டு மடங்கு ஆனால் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு ஆகும். இது பள்ளிக்கூடத்து இயற்பியல்தான்.

மடத்துக்குளம் வழியாகப் போகும் சாலையை நினைத்துப் பார்த்தால் போதும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் காவடிக் கூட்டம் அந்தச் சாலையில்தான் போகிறது. பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் அதில்தான் போகிறது. இரவு ஷிப்ட் முடித்து வரும் மில் தொழிலாளி அதில்தான் சைக்கிளில் வருகிறார். பொள்ளாச்சி – மடத்துக்குளம், மடத்துக்குளம் – ஒட்டன்சத்திரம் எனப் பகுதி பகுதியாக நான்கு வழிச்சாலையும் போடப்பட்டது. நேரான, அகலமான, வழவழப்பான சாலை. பார்த்தாலே முறுக்கத் தோன்றும். ஆனால் அது ஏரிப் படுகை அல்ல. பக்கத்து ஊர்ப் பாட்டி ஆட்டை ஓட்டிக்கொண்டு குறுக்கே வரும் சாலை.

பந்தயத்துக்கு வராதவருக்கு இழப்பீடு யார் தருவார்?

வணிகவியல் மாணவர்கள் இன்ஷூரன்ஸ் பாடத்தில் படிக்கும் ஒரு விஷயம் இங்கே முக்கியம். வண்டி இன்ஷூரன்ஸ் பாலிசியின் கடைசிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை. "பயன்பாட்டு வரம்புகள்" என்ற தலைப்பில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாலிசி பொருந்தாது என்று எழுதியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டமும், பந்தயம், வேகச் சோதனை, லைசென்ஸ் இல்லாத ஓட்டுநர் ஆகியவற்றை இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் பொறுப்பை மறுக்கக் கூடிய காரணங்களாக ஏற்றுக்கொள்கிறது.

இதன் அர்த்தம் என்ன? லைசென்ஸ் இல்லாத பையன் அப்பாவின் பெயரில் இருக்கும் பைக்கை எடுத்துப்போய்ப் பந்தயம் ஓட்டி ஒருவர்மேல் மோதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பாயம் லட்சக்கணக்கில் இழப்பீடு விதிக்கலாம். கம்பெனி முதலில் கட்டினாலும் அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் இருந்து திரும்ப வசூலிக்க வழி இருக்கிறது. பைக்குக்கே மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பம் எதை விற்றுக் கட்டும்? இருக்கும் வீட்டையோ, அரை ஏக்கர் நிலத்தையோதான்.

"என் வண்டி, என் உயிர், உனக்கு என்ன?" என்று இளைஞர்கள் கேட்பது உண்டு. பதினாறு வயதில் "என் வண்டி" என்று ஒன்று பெரும்பாலும் கிடையாது என்பதே பதில். ஆர்.சி. புத்தகத்தில் அப்பா பெயர், கடன் பத்திரத்தில் அம்மா கையெழுத்து. உயிரைப் பணயம் வைப்பவன் ஒருவன். ஆனால் கணக்கு எழுதினால் செலவுப் பக்கத்தில் வீட்டில் உள்ள அத்தனை பேரும் வருவார்கள்.

தடை போட்டால் நின்றுவிடுமா?

இதற்கும் ரேக்ளாவின் கதையே பதில். ஜல்லிக்கட்டு வழக்கு எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நீண்ட வழக்கின் தொடக்கத்தில் இருந்தது ரேக்ளா என்பது பலருக்குத் தெரியாது! 2006இல் இராமநாதபுரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் ரேக்ளா நடத்த அனுமதி கேட்டு ஒருவர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். அனுமதி கேட்ட வழக்கிலேயே ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் சேர்த்துத் தடை வந்தது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் தமிழகம் முழுவதும் இளைஞர்கள் திரண்டார்கள். மாநிலச் சட்டத்திருத்தம் வந்தது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது.

இன்று ஜல்லிக்கட்டு எப்படி நடக்கிறது? மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி, கால்நடை மருத்துவரின் சோதனை, தடுப்பு வேலி, ஆம்புலன்ஸ், வீரர்களுக்கு மருத்துவப் பரிசோதனை. அப்படியும் உயிர்கள் போகின்றன. ஆனாலும் சமூகம் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது: ஆபத்தான விளையாட்டை ஒழிக்க முடியாவிட்டால் அதற்கு ஒரு வாடிவாசல் கட்டு.

இரு சக்கர வண்டிக்கு அந்த வாடிவாசல் இன்னும் கட்டப்படவில்லை. மடத்துக்குளத்துப் பையனுக்குப் பக்கத்தில் உள்ள பந்தயத் தளம் செட்டிபாளையம்தான். தூரம் பெரிய தடை அல்ல, செலவுதான் தடை. பந்தய உடை, ஹெல்மெட், கையுறை, லைசென்ஸ் கட்டணம், பயிற்சிக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் மில் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. சாலையோ இலவசம்! இலவசமாகக் கிடைக்கும் ஆபத்தை, விலை உயர்ந்த பாதுகாப்பால் தோற்கடிக்க முடியாது. இது பொருளாதாரத்தின் முதல் பாடம்.

1950இல் சாந்தா ஆனாவில் நடந்தது இதைப் புரிந்துகொண்டதால்தான் வெற்றி பெற்றது. கட்டணம் குறைவு, சொந்த வண்டியே போதும், ஞாயிறுதோறும் நடக்கும். அமெரிக்காவில் தெருப் பந்தயம் இன்றும் முற்றிலும் ஒழியவில்லை என்பது உண்மை. ஆனால் எங்கே ஓட்டலாம் என்று காட்டிய பிறகு, தெருவில் ஓட்டுகிறவனுக்கு "எனக்கு வேறு இடம் இல்லை" என்று சொல்லும் உரிமை போய்விட்டது.

முடிவாக...

வரலாறு தரும் விடையை மூன்று பகுதியாகச் சொல்லலாம்.

சாலையில் பந்தயம்: எந்த வயதிலும் கூடாது. பதினேழு வயது ஆனாலும் நாற்பத்தேழு வயது ஆனாலும் ஒன்றுதான். எதிரே வருகிறவர் அந்தப் பந்தயத்துக்குச் சம்மதிக்கவில்லை.

18 நிறைந்தவர் தன் சொந்த வண்டியில், மூடிய ஓடுபாதையில், பிரேக்கும் டயரும் பரிசோதிக்கப்பட்ட பிறகு ஓட்டுவது: தாராளமாக அனுமதிக்கலாம். ரேக்ளாவுக்கு ஒரு நாள் ஒதுக்கி, பாதை அமைத்து, போலீஸும் ஆம்புலன்ஸும் நிறுத்த முடிகிற நிர்வாகத்தால், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை இதையும் செய்ய முடியும். பிரிவு 189 அதற்குக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது.

18க்குக் கீழே: வீட்டு பைக்கில் கூடவே கூடாது. வயதுக்கு ஏற்ற சிறிய என்ஜின், குறைந்த தூரம், பயிற்சியாளர், பெற்றோர் சம்மதம், முறையான பந்தய லைசென்ஸ் ஆகியவற்றோடு மட்டும். அதிலும் 2023ஆம் ஆண்டின் அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவனை மறக்காமல்.

"பந்தயம் ஓட்டாதே" என்று பையனிடம் சொல்வது எளிது. அவன் தாத்தா ரேக்ளா ஓட்டியவராக இருக்கலாம். அவருக்கு அன்று ஊரே சேர்ந்து ஒரு பாதை போட்டுக் கொடுத்தது, கொடி அசைக்க ஆள் நிறுத்தியது, நேரம் பார்த்துப் பரிசும் கொடுத்தது. பேரனுக்கு ஊர் கொடுத்திருப்பது ஒரு நான்கு வழிச்சாலையும், ஓர் எச்சரிக்கைப் பலகையும் மட்டுமே. பாதை போடுவது பெரியவர்களின் வேலை. அது வரைக்கும் பழனிச் சாலையில் ஆக்சிலேட்டரை முறுக்காமல் இருப்பது இளைஞர்களின் வேலை.